மேஸ்திரியின் எடை

ஜனவரி 9
அளவீட்டுப் பிரிவு

அண்ணிக்கு,

இது நலம் விசாரிக்க எழுதும் கடிதம் இல்லை. உங்கள் மகள் என்னிடம் நன்றாக இருக்கிறாள். நேற்றுக் கணக்குப் பரீட்சை எழுதினாள். குடும்ப விஷயம் அவ்வளவுதான்.

இன்று காலை இயக்குநர் என்னை அவர் அறைக்குக் கூப்பிடவில்லை. நேராக என் மேசைக்கே வந்து, பிரிவில் இருக்கிற பதினோரு பேருக்கும் கேட்கிற மாதிரி, தீவிலிருந்து வந்த உங்கள் அறிக்கையை வாசித்தார். "‘அளவீட்டுப் பிரிவு கொடுத்த எடை முந்நூற்றைம்பது கிலோ அதிகம். விலங்கு இறந்ததற்கு அதுவே காரணம்.’ இதுக்கு என்னம்மா சொல்றீங்க?" என்றார். மேஸ்திரி என்று நாம் கூப்பிடுகிற அந்தச் சீல் செத்துப்போனதே எனக்கு அந்த நிமிடம்தான் தெரியும்.

எட்டு வருடமாக இதுதான் என் வேலை. தராசில் ஏற்ற முடியாத மிருகத்துக்குப் படத்தைப் பார்த்து எடை சொல்வது. பக்கவாட்டில் ஒரு படம், மேலிருந்து ஒரு படம், உடம்போடு ஒட்டி அளவுக் கம்பு. கம்பை வைத்து நீளம், அகலம், உயரம்; அதிலிருந்து கன அளவு; அதிலிருந்து எடை. இதுவரை இருநூற்றுப் பதினேழு யானைச் சீல்களுக்கு, ஆயிரம் கிலோவைத் தாண்டும் அந்தக் கடல் மிருகங்களுக்கு, சொல்லியிருக்கிறேன். என் எண்ணை நம்பி நீங்களே எழுபது மிருகங்களுக்கு மயக்க மருந்து போட்டிருக்கிறீர்கள். அப்போதெல்லாம் அறிக்கையில் என் பிரிவின் பெயரே வந்ததில்லை. ஒன்று செத்ததும் முதல் வரியிலேயே வருகிறது.

ரேடியோவில் இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வீட்டில் நான் உங்கள் நாத்தனார், உங்கள் பெண்ணுக்குத் தலை பின்னிவிடுகிறவள். வேலையில் யாரோ ஒரு ‘பிரிவு’. அப்படித்தானே?

பிப்ரவரி 2-ஆம் தேதி விசாரணை. என் மேசையிலிருந்து எல்லாப் படங்களையும் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

— உங்கள் அளவீட்டுப் பிரிவு


ஜனவரி 11
தீவு நிலையம்

உனக்கு,

வாரத்துக்கு ஒரு படகு. அது இரண்டு மணி நேரம் நிற்கும், அதற்குள் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

ரேடியோவில் ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். இங்கே ரேடியோ சாப்பாட்டு அறையில் இருக்கிறது. ஆறு பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்க, "நீ சொன்ன எடையால் ஒருத்தன் செத்துட்டான்" என்று உன்னிடம் சொல்ல வேண்டுமா?

நடந்ததைக் கேள். மேஸ்திரியின் கழுத்தில் வலைக் கயிறு. நைலான். தோலை அறுத்துக் கொழுப்புக்குள் இறங்கிவிட்டது. ஒவ்வொரு முறை தலையைத் தூக்கும்போதும் சீழ் வழிந்தது. அப்படி இருந்தும் கடற்கரையில் எல்லாரையும் விரட்டி வேலை வாங்கிக்கொண்டிருந்தான், பெயருக்கேற்ற மாதிரி. நீ 1310 என்றாய். 1310-க்கு மருந்து அளந்தேன். ஊசித் துப்பாக்கியைத் தூக்கும்போது படகோட்டி சொன்னான்: "டாக்டர், இவன் ஆயிரத்து முன்னூறா? பார்த்தா அப்படித் தெரியலையே."

எனக்கும் அப்படித் தெரியவில்லை. கரையேறியதிலிருந்து மூன்று மாதமாகப் பட்டினி கிடக்கிற மிருகம். விலாவில் தோல் மடிந்து தொங்கியது. ஆனாலும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவ சொன்னா சரியா இருக்கும்."

நாலு நிமிடத்தில் படுத்தான். பதினாறாவது நிமிடம் மூச்சு நின்றது. முறிப்பு மருந்து போட்டேன். தொண்டையில் குழாய் விட்டு, நாற்பது நிமிடம் நாங்கள் மூன்று பேரும் மாறி மாறிக் காற்று அடித்தோம். அவன் நெஞ்சின் மேல் ஏறி நின்று மிதித்தேன். கயிற்றை மட்டும் அறுக்க முடிந்தது, செத்த பிறகு.

அப்புறம் எடை போட்டேன். இங்கே இருப்பது நூறு கிலோ தொங்கு தராசு ஒன்றுதான். இரண்டு நாள், வெட்டி வெட்டி, நாற்பத்து மூன்று துண்டு. 931 கிலோ. மணலில் போன ரத்தம் முப்பது என்று வை. 960. நான் தொட்டுத் தூக்கிய எண் அது. உன் 1310 நாற்காலியில் உட்கார்ந்து சொன்னது.

உன் மேல் பழி போட எனக்கு ஆசை என்று நினைக்காதே. என் கண்ணை விட்டுவிட்டு உன்னை நம்பினேன். அதுதான் எரிகிறது.

படகு கூப்பிடுகிறது.

— அண்ணி


ஜனவரி 14

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைச் சமையலறையில் நின்றுகொண்டே படித்தேன். உங்கள் மகள் "அம்மா என்ன எழுதியிருக்காங்க?" என்று கேட்டாள். "வேலை விஷயம்" என்றேன். "எப்பவும் எனக்கு ஒரு வரியாவது இருக்குமே" என்றாள். இந்த முறை இல்லை. அதையும் உங்களுக்காக நான்தான் சமாளித்தேன். நாற்காலியில் உட்கார்ந்து.

நாற்பத்து மூன்று துண்டையும் படித்தேன். எனக்கு மனசு இல்லை என்று நினைக்கிறீர்களா? ஒன்றரை வருடமாக மாதம் இரண்டு முறை மேஸ்திரியின் படம் பார்க்கிறவள் நான். மூக்கில் இருக்கிற வெட்டுத் தழும்பு எத்தனை சென்டிமீட்டர் என்று கேளுங்கள், சொல்கிறேன்.

இனி கணக்குக்கு வருகிறேன். அதே படங்களை ஐந்து முறை புதிதாக அளந்தேன். பக்கத்து மேசைக்காரியிடம் எதுவும் சொல்லாமல் அளக்கச் சொன்னேன். அவளுக்கு 1302 வந்தது. எனக்கு ஐந்து முறையும் 1310-ஐ ஒட்டியே. ஆகவே அளந்ததில் தப்பு இல்லை. உங்கள் தராசும் பொய் சொல்லாது என்று வைத்துக்கொள்கிறேன். உங்களை எனக்குத் தெரியும், ஒரு துண்டை இரண்டு தடவை நிறுத்தியிருப்பீர்கள். இரண்டும் சரி என்றால் நடுவில் இருப்பது ஒன்றே ஒன்று. கம்பு.

கம்பு இரண்டு மீட்டர் என்று எடுத்துக்கொண்டுதான் நான் எல்லாவற்றையும் கணக்கிடுகிறேன். கம்பு கொஞ்சம் குட்டையாக இருந்தால் மிருகம் எனக்கு அந்த அளவு பெரிதாகத் தெரியும். நீளத்தில் மட்டும் இல்லை, அகலத்திலும் உயரத்திலும். மூன்றையும் பெருக்கும்போது சின்னத் தப்பு மூன்று மடங்காக ஊதிவிடும்.

960-இலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டேன். போய்க் கம்பை அளந்து பாருங்கள். ஒரு மீட்டர் எண்பது சென்டிமீட்டர் வரும்.

வரவில்லை என்றால் விசாரணையில் நானே எழுந்து தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டு வேலையை விடுகிறேன். வந்தால், அந்த அறிக்கையை என்ன செய்யப்போகிறீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

— உங்கள் நாத்தனார்


ஜனவரி 22

உனக்கு,

1.80.

உன் கடிதத்தைப் படித்ததும் சிரித்தேன். திமிரைப் பார் என்று சொல்லிக்கொண்டேதான் கொட்டகைக்குப் போனேன். தையல் டேப்பை வைத்து அளந்தேன். நம்பாமல் இரும்பு டேப்பை எடுத்து அளந்தேன். சென்டிமீட்டர் பிசகாமல் 1.80.

யார் என்று கேட்காதே. இந்த நிலையத்தில் ரம்பம் வைத்திருக்கிற மெக்கானிக் ஒருவர்தான். உன் அண்ணன்.

டிசம்பரில் படகு இழுக்கிற வண்டிச் சக்கரம் ஏறிக் கம்பின் நுனி நசுங்கிவிட்டதாம். உன் அண்ணனுக்குத்தான் எதையும் அரைகுறையாகச் செய்ய வராதே. நசுங்கியதை ஒரு கட்டத்தோடு சேர்த்துச் சுத்தமாக அறுத்து, ராவி, ரப்பர் மூடி போட்டு, சிவப்புக்குச் சிவப்பு வெள்ளைக்கு வெள்ளை பெயின்ட் அடித்து, இருந்த இடத்தில் வைத்துவிட்டார். புதுக் கம்பு மாதிரி மினுமினுக்கிறது. "ஏன் சொல்லலை?" என்று கேட்டேன். "சொன்னேனே" என்கிறார். என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. "கம்பு கம்புதானே, இருபது சென்டிமீட்டர்ல என்ன வந்துடப்போகுது?" என்று வேறு கேட்டார். நாற்பத்து மூன்று துண்டு போட்ட இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன். நாலு நாளாகப் பேச்சு இல்லை. ஒரே அறையில் இருந்துகொண்டு பேசாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது.

ஆனால் நீயும் தப்பிக்க முடியாது. இருபது இருபது சென்டிமீட்டராகப் பத்துக் கட்டம் இருக்க வேண்டிய கம்பு. இப்போது ஒன்பதுதான் இருக்கிறது. எட்டு வருட அனுபவம், இருநூற்றுப் பதினேழு மிருகம் என்று அளக்கிறாயே, ஒன்பதுக்கும் பத்துக்கும் வித்தியாசம் தெரியாதா?

இப்போது ஒன்று கேட்கப்போகிறேன். கேட்க எனக்கே கூசுகிறது. உன் அண்ணனின் ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது. புதுப்பிக்கிற நேரம். விசாரணையில் கம்பு சேதமாகியிருந்தது என்று மட்டும் சொல். யார் அறுத்தது என்று சொல்லாதே. அறிக்கையில் உன் பிரிவின் பெயரை நான் எடுத்துவிடுகிறேன்.

மகளுக்குத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன். கொடு.

— அண்ணி


ஜனவரி 27

அண்ணிக்கு,

உங்கள் மகளிடம் தாளைக் கொடுத்துவிட்டேன். மூன்று முறை படித்தாள்.

எனக்கு எழுதியதை நானும் மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் ரத்தம் தலைக்கு ஏறியது. என் பெயரை எடுக்க அவன் பெயரைச் சொல்லாமல் இருக்க வேண்டும். என்ன பேரம் இது? சந்தையிலா நிற்கிறோம்?

அண்ணனைப் பற்றி எனக்குச் சொல்கிறீர்களா? உங்களுக்கு முன்னாலேயே அவன் செய்ததையெல்லாம் மறைத்துப் பழகியவள் நான். அப்பாவின் கைக்கடிகாரத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு, ஓடாத கடிகாரத்துக்குக் கண்ணாடி துடைத்து வைத்தான். அடி வாங்கியது நான். அவன் கெட்டவன் இல்லை. பார்க்க ஒழுங்காக இருந்துவிட்டால் போதும் அவனுக்கு, உள்ளே ஓடுகிறதா என்று பார்க்க மாட்டான். ஒவ்வொரு முறையும் யாராவது பொறுத்துக்கொண்டோம். அதனால்தான் இன்றைக்கு இருபது சென்டிமீட்டரில் என்ன என்று கேட்கிறான். நான் மறைக்க மாட்டேன்.

இப்போது நான் ஒன்று சொல்ல வேண்டும். போன கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். கை வரவில்லை.

கட்டத்தை எண்ணினேன். இப்போது இல்லை, அன்றைக்கே. ஒன்பது. கம்பின் ஒரு நுனி மணலை ஒட்டி இருந்தது. பத்தாவது கட்டம் மணலில் புதைந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தவள் தெரிகிற ஒன்பதை மட்டும் 1.80 என்று போட்டிருக்க வேண்டும். போட்டிருந்தால் 955 வந்திருக்கும், உங்கள் தராசுக்கு ஐந்து கிலோ வித்தியாசத்தில். ஆனால் திரையில் கம்பின் இரண்டு முனையையும் தொட்டு, பழக்க தோஷத்தில் 2.00 என்று தட்டிவிட்டேன். வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடம் விடுகிற நேரம். உங்கள் பெண்ணைக் கூப்பிடப் போக வேண்டும். அதைக் காரணமாகச் சொல்லவில்லை. அன்றைக்கு என் கண் கடிகாரத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

உங்களுக்கு உடனே ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம், ‘ஏன் ஒன்பது?’ என்று. கேட்கவில்லை.

பிப்ரவரி 2-ஆம் தேதி இரண்டையும் சொல்வேன். அவன் அறுத்ததையும், நான் பார்த்தும் விட்டதையும். உங்களைக் கேட்டுக்கொண்டு சொல்லப்போவதில்லை. தெரிவிக்கிறேன்.

— நான்


பிப்ரவரி 1

உனக்கு,

உன் கடிதம் காலைப் படகில் வந்தது. படித்ததும் உன்னைக் கன்னத்தில் ஒன்று விடலாம் போல இருந்தது. பதினைந்து நாளாக ஒன்பது என்று தெரிந்துகொண்டே ‘அளந்ததில் தப்பு இல்லை’ என்று எனக்கு எழுதியிருக்கிறாய். உன் பதினோரு பேருக்கு நடுவில் நீ பட்ட அவமானத்துக்காக நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்தேன், முட்டாள்.

கடிதத்தை அப்படியே உன் அண்ணன் கையில் கொடுத்தேன். ஜெனரேட்டர் பக்கத்தில் நின்று படித்தார். கடிகாரம் பற்றிய இடத்தைத் திரும்பவும் படித்தார். "அடி வாங்கினது அவளா?" என்று கேட்டார். இத்தனை வருடம் தெரியாதாம். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு, என்னிடம் தாள் வாங்கி, இயக்குநருக்குத் தானே எழுதினார். ‘கம்பை அறுத்தது நான். எழுத்தில் யாருக்கும் தெரிவிக்கவில்லை.’ இரண்டே வரி. ஒட்டிய உறை இதே படகில் வருகிறது. நாளைக் காலை இயக்குநர் மேசையில் இருக்கும்.

நானும் ஒன்று சேர்த்து எழுதியிருக்கிறேன். டிசம்பரில் ஒரு நாள் சாப்பிடும்போது, "கம்பு நுனி நசுங்கிடுச்சு, சரி பண்ணிட்டேன்" என்று அவர் சொன்னது எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. நான் "ம்" என்றேன். சீல்களின் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அதையும் எழுதினேன். படகோட்டி கேட்டதையும், நான் கண்ணை மூடிக்கொண்டு ஊசி போட்டதையும் எழுதினேன். பழைய அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன் என்றும் எழுதியிருக்கிறேன்.

இது உன்னிடம் மன்னிப்புக் கேட்பது இல்லை. கேட்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

இன்னொன்று. கடற்கரையின் வடக்கு முனையில் தூங்குமூஞ்சி என்று ஒருவன் இருக்கிறானே, அவன் கழுத்திலும் கயிறு. ஒரு வாரமாகப் பார்க்கிறேன், ஆழமாகிக்கொண்டே போகிறது. இன்னும் பத்துப் பன்னிரண்டு நாளில் கடலுக்குப் போய்விடுவான். போனால் கழுத்தறுந்து சாவான். நேற்று எடுத்த படங்களை கேமராவின் மெமரி கார்டில் போட்டு அனுப்புகிறேன். பக்கத்தில் வைத்திருப்பது இரும்பு டேப், விரித்து, எண் தெரிகிற மாதிரி.

எடை சொல்.

— அண்ணி


பிப்ரவரி 4
வீடு

அண்ணிக்கு,

விசாரணை முடிந்தது. அண்ணனின் கடிதத்தை வாசித்தார்கள், உங்களுடையதை வாசித்தார்கள், அப்புறம் நான் எழுந்து ஒன்பது கட்டத்தைச் சொன்னேன். இயக்குநர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "மூணு பேரும் ஒரே குடும்பம்னு இப்பதான் தெரியுது" என்றார். யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அண்ணனின் ஒப்பந்தம் ரத்து. பிப்ரவரி 15 படகில் கிளம்பச் சொல்லி உத்தரவு. உங்களுக்கு எழுத்தில் கண்டனம். எனக்கு, படத்தை வைத்து எடை சொல்லத் தடை. மறு உத்தரவு வரும்வரை நிலையங்கள் எல்லாம் அட்டவணையைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். நீளத்துக்கு இத்தனை எடை என்று சுவரில் தொங்குகிறதே, அது.

அந்த அட்டவணை, சீல்கள் கடலிலிருந்து கொழுத்துப்போய் வந்து ஏறுகிற மாதத்தில் போட்டது. தூங்குமூஞ்சியின் நீளத்துக்கு 1480 என்கிறது. அதை நம்பி மருந்து போட்டால் இன்னொரு மேஸ்திரி. நான் இயக்குநரிடம் சொன்னேன். "விதி விதிதான்மா" என்றார். அந்த நேரம் என் பேனாவை நானே உடைத்துவிட்டேன், கையில் மை.

ஆகவே இது வீட்டுச் சமையல் மேசையில் போட்டது. இரண்டு நாள். டேப்பின் எண்களைத் திரையில் பெரிதாக்கிப் படித்தேன். தூரத்தில் இருக்கிற வால் பக்கம் சின்னதாகத் தெரியும், அதற்கும் ஈடு கொடுத்தேன். ஜனவரி 31 அன்று 1190. பட்டினியில் நாளுக்கு எட்டு கிலோ கரையும். நீங்கள் 9-ஆம் தேதி ஊசி போட்டால் ஒன்பது நாளுக்கு எழுபத்திரண்டு கழியுங்கள். 1120 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் தள்ளினால் இன்னும் எட்டு குறையும்.

முதலில் அந்த எடைக்கு உண்டான மருந்தில் முக்கால் பங்கு மட்டும் போடுங்கள். படுக்கவில்லை என்றால் மீதி. இதைச் சொல்ல நான் டாக்டர் இல்லைதான். சொல்கிறேன்.

இந்த எண்ணைப் பிரிவு தரவில்லை, நான் தருகிறேன். தனித் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஏதாவது ஆனால் அதை எடுத்துக் காட்டுங்கள். அப்புறம் முக்கியமான ஒன்று: அவன் உங்கள் கண்ணுக்கு 1120 மாதிரி தெரியவில்லை என்றால் ஊசி போடாதீர்கள். என்னை நம்பி ஒன்றும் செய்யாதீர்கள். நீங்கள் பார்த்து, நானும் சொன்னால், செய்யுங்கள்.

— நான்


பிப்ரவரி 13
தீவு நிலையம்

உனக்கு,

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவரை நான் திட்ட வேண்டிய அளவு திட்டிவிட்டேன். மிச்சம் வைத்ததை நீ பார்த்துக்கொள். ஆனால் முதலில் சாப்பாடு போடு. அவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது, வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு வந்திருப்பார். மகள் பக்கத்தில் இருக்கும்போது கடிகாரத்தைப் பற்றிப் பேசாதே. அவரே பேசுவார். பேச வேண்டும் என்று பத்து நாளாக ஒத்திகை பார்க்கிறார், எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு.

9-ஆம் தேதி காலை போனோம். படகோட்டியை முன்னால் நிறுத்தி, "நீயே சொல்லு, எவ்வளவு இருப்பான்?" என்றேன். "ஆயிரத்து நூறு?" என்றான். நான் மனசுக்குள் ஆயிரத்து ஐம்பது வைத்திருந்தேன். அப்புறம்தான் உன் தாளை எடுத்துப் பார்த்தேன்.

முக்கால் பங்கு போட்டேன். ஏழு நிமிடத்தில் படுத்தான். மூச்சு நின்றது. இவர்கள் சும்மாவே தூங்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிற சாதி, எனக்குத் தெரியும். ஆனாலும் என் கை காற்றுப் பையைத் தேடிப் போய்விட்டது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உன்னைத் திட்ட ஆரம்பித்தேன். சத்தமாக. உன்னை, உன் அண்ணனை, உன் இயக்குநரை, அந்த அட்டவணையை. ஆறு நிமிடம் பத்து விநாடி. திட்ட வார்த்தை தீர்ந்துபோய்த் திரும்ப முதலிலிருந்து தொடங்கினேன். அப்போது தும்மினான் பார், முகமெல்லாம் சளி. படகோட்டி மணலில் உட்கார்ந்துவிட்டான். நான் அழுதேனா என்று அவனிடம் கேட்காதே, பொய் சொல்வான்.

கயிற்றை அறுத்தேன். ஒரு விரல் ஆழம் இறங்கியிருந்தது. புண்ணைக் கழுவி மருந்து வைத்தேன். ஐம்பது நிமிடத்தில் தலையைத் தூக்கினான். உயிரைக் காப்பாற்றினவள் என்ற எண்ணம் கொஞ்சமும் இல்லாமல் என்மேல் பாய்ந்தான். என் முழங்காலில் இப்போது நீலமாக ஒரு வீக்கம்.

பதிவேட்டில் எல்லாம் எழுதிவிட்டேன். அட்டவணை 1480, நான் மருந்து போட்டது 1120-க்கு, சொன்னது யார் என்றும். இன்னொரு கண்டனம் வரும். வரட்டும். அடுத்த பருவத்துக்குள் அந்தத் தடையை எடுக்கச் சொல்லி நானும் நீயும் சேர்ந்து எழுத வேண்டும். நீ எழுது, நான் திருத்துகிறேன். உன் எழுத்தில் மரியாதை அதிகமாகிவிட்டால் வேலைக்கு ஆகாது.

கோபம் போய்விட்டதா என்று நீயாகக் கற்பனை செய்துகொள்ளாதே. ஒன்பதை நீ மறைத்த அந்தப் பதினைந்து நாளை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன். அந்த அறிக்கையின் முதல் வரியை நினைத்து நீயும் கடித்துக்கொண்டிருப்பாய். கடி. ஏப்ரலில் நான் வரும்போது நேருக்கு நேர் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

தூங்குமூஞ்சியை 11-ஆம் தேதி மதியம் வரை கரையில் பார்த்தேன். 12-ஆம் தேதி காலை படுத்த இடத்தில் பள்ளம் மட்டும் இருந்தது. தடம் தண்ணீர் வரை போயிருந்தது.

1120 சரிதானா என்று கேட்டு உடனே எழுதுவாய், உன்னைத் தெரியாதா எனக்கு. மேஸ்திரிக்கு என்னால் கிலோ கணக்கில் சொல்ல முடிந்தது. இவன் உயிரோடு எழுந்து கடலுக்குப் போய்விட்டான். நான் எங்கே போய் எடை போட?

— அண்ணி